சரிவுக்கு முன்னால் எல்4

மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கோலகெட்டில் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். சரிவின் நடுவில் ஆட்டோ கியர் பிக்கப்பை நிறுத்திய தம்பி, அங்கேயே நான்கு சக்கர இழுவைக் குமிழை எல்4-க்குத் திருப்பினார். டாஷ்போர்டில் எல்4 விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. கியரை 'பார்க்'கில் தள்ளிவிட்டு, இனி வண்டி அசையாது என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி பின்னால் உருண்டது. வாய்க்காலில் பின்சக்கரம் இறங்கி மாட்டிக்கொண்டதால் யாருக்கும் அடிபடவில்லை. பார்க்கில் போட்ட வண்டி எப்படி உருண்டது என்று அன்று மாலைவரை கேட்டுக்கொண்டே இருந்தார். அவரைப் போல எத்தனையோ பேர் ஓட்டுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்2 (இரு சக்கர இழுவை) தார்ச்சாலைக்கு. எச்4 (நான்கு சக்கர இழுவை) ஈரமான செம்மண் பாதைக்கும் சரளைக்கும். எல்4 (மெதுவான நான்கு சக்கர இழுவை) செங்குத்தான ஏற்ற இறக்கத்துக்கும் ஆழமான சேற்றுக்கும். எச்2-இலிருந்து எச்4-க்கு ஓடும்போதே மாற்றலாம். ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும், ஆக்சிலேட்டரில் கால் இருக்கக் கூடாது. வேக வரம்பு வண்டிக்கு வண்டி மாறும். நான் 40 கிலோமீட்டருக்கு மேல் அந்தக் குமிழைத் தொடுவதில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

நம் தோட்டங்களில் ஓடும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ் வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரம் ஒரு தூரம் போகும், பின்சக்கரம் வேறு தூரம் போகும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். எச்4 போட்டுக் காய்ந்த தாரில் ஓட்டினால் வழுக்க இடமில்லாமல் தண்டுகள் முறுக்கிக்கொள்ளும். சூப்பர் செலக்ட் வைத்த டிரைட்டன் இதற்கு விலக்கு. அதை, நடு டிஃபரன்ஷியலைப் பூட்டாதவரை, நான்கு சக்கர இழுவையோடு தாரிலும் ஓட்டலாம்.

இனி எல்4.

இதைச் சமதரையில்தான் போட வேண்டும். குலை ஏற்றும் ரேம்ப் பக்கத்தில் எப்போதும் சமமான இடம் இருக்கும்; சரிவுக்குப் போகுமுன் அங்கேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். முழுதாக நிறுத்தி, பிரேக்கை அழுத்தியபடியே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு குமிழை எல்4-க்குத் திருப்புங்கள். சில வண்டிகளில் அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். கீழே 'கடக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நம்பாதீர்கள். விளக்கு மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரியும்வரை கால் பிரேக்கிலேயே இருக்கட்டும், கியர் நியூட்ரலிலேயே இருக்கட்டும்.

காரணம் இதுதான். பார்க் என்பது கியர்பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டைப் பூட்டும் ஒரு கொக்கி. சக்கரங்களுக்குப் போகும் வழியில் அதற்கு அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கிறது. எச்4-இலிருந்து எல்4-க்கு மாறும்போது அந்தப் பெட்டி தனக்குள் ஒரு நியூட்ரலைத் தாண்டிப் போகிறது. பல் சேராமல் பாதியில் நின்றுவிட்டால் கியர்பெட்டிக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். அப்போது பார்க்கில் போட்டால் தண்டு பூட்டிக்கொள்ளும், சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். அந்தத் தம்பியின் வண்டிக்கு நடந்தது இதுதான். மினுக்கும் விளக்கோடு வண்டியை விட்டு இறங்கவே கூடாது. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்குங்கள்.

விளக்கு அடங்கவில்லையா? பல்லும் பல்லும் முட்டிக்கொண்டு நிற்கிறது. குமிழை எச்4-க்கே திருப்புங்கள். விளக்கு அடங்கியபின் டி-யில் போட்டு ஓரடி நகர்த்தி நிறுத்தி, மறுபடி நியூட்ரலிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் இரண்டாம் தடவையில் விழுந்துவிடும். பொறுமையில்லாமல் மினுக்கும்போதே டி-யில் தள்ளினால் கரகரவென்று அரைபடும். அப்படி அரைபட்ட பெட்டியைப் பட்டறையில் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டோ கியர்தானே, எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் அடுத்துத் தடுமாறும் இடம் இறக்கம். டி-யில் விட்டால் வேகம் ஏற ஏறக் கியர்பெட்டி மேல்கியருக்குத் தாவும். எஞ்சினின் பிடிப்பு போய்விடும். பயந்து பிரேக்கை மிதித்தால் ஈரச் செம்மண்ணில் வண்டி சறுக்கும். எல்4 போட்டதும் நெம்புகோலை மேனுவலுக்குத் தள்ளி, டாஷ்போர்டில் '1' என்று தெரிகிறதா பாருங்கள். எல்4-இல் சக்கரம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மெதுவாகச் சுழலும். ஹைலக்ஸில் அந்த விகிதம் 2.566. இரண்டு காலையும் எடுத்துவிட்டாலும் வண்டி நடந்துபோகும் வேகத்தில்தான் இறங்கும். வால் பக்கம் சறுக்கினால் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரைத் துளி கொடுத்து நேராக்குங்கள். இறக்க உதவிப் பொத்தானையும் பயன்படுத்தலாம். ஆனால் அது பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும். முதலில் எஞ்சின், தேவைப்பட்டால் பொத்தான். நியூட்ரலில் இறங்குபவரோடு நான் வண்டியில் ஏறுவதில்லை.

ஏற்றத்தில், ஈர மண்ணாக இருந்தால் எல்4-இல் இரண்டாம் கியர். முதல் கியரில் இழுவை அதிகமாகி டயர் வீணாகச் சுழலும். பாதியில் நின்றுவிட்டால் அங்கே திருப்ப முயலாதீர்கள், வண்டி புரண்டுவிடும். பிரேக்கைப் பிடித்து, ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே நேராக இறங்குங்கள்.

சேற்றில் மாட்டினால் ஐந்து விநாடிக்கு மேல் சக்கரத்தைச் சுற்ற விடாதீர்கள். ஆட்டோ கியரில் கிளட்ச் தட்டுக்குப் பதிலாக எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது. வண்டி நகராமல் எஞ்சினை உறுமவிட்டால் அந்த எண்ணெய் கொதிக்கும். எண்ணெய்ச் சூட்டு விளக்கு எரிந்தால் பார்க்கில் போட்டு, எஞ்சினை அணைக்காமல், விளக்கு அணையும்வரை காத்திருங்கள். எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் சுற்றிவந்து ஆறும். டி-யும் ரிவர்ஸும் மாற்றி மாற்றி ஆட்டி எடுப்பதானால், ஒவ்வொரு முறையும் சக்கரம் நின்றபின் மாற்றுங்கள். டயர்க் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். தாருக்கு வருமுன் மறுபடி அடித்துக்கொள்ள ஒரு சின்னப் பம்ப் வண்டியில் இருக்கட்டும். நிரையிடையில் கிடக்கும் செம்பனை மட்டையை டயருக்கு அடியில் போடலாம். ஆனால் முள்ளிருக்கும் அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு ஓலைப் பக்கத்தை மட்டும் போடுங்கள். அந்த முள் டயரின் பக்கச்சுவரில் ஏறினால் ஒட்டுப்போட முடியாது.

ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர், ரேஞ்சருக்கு 800 என்று விளம்பரத்தாளில் இருக்கும். அது தேங்கி நிற்கும் தண்ணீருக்கான கணக்கு. 2021 ஆகஸ்ட் 18-இல் குனோங் ஜெராய் அடிவாரத்து யானிலும், 2022 ஜூலை 4-இல் பாலிங் கூப்பாங்கிலும் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் மரங்களையும் சேற்றையும் சேர்த்து உருட்டிக்கொண்டு வந்தது. மலைப் பக்கம் கருத்திருந்தால், ஆற்றில் தண்ணீர் முழங்காலளவே இருந்தாலும் இறக்காதீர்கள். எந்தக் கியரும் அங்கே உதவாது.

திரும்பி வரும்போது எல்4-ஐ எடுப்பதற்கும் அதே முறைதான்: நிறுத்தி, நியூட்ரல், குமிழ், விளக்கு. எப்போதும் தாரிலேயே ஓடும் வண்டியாக இருந்தால், மாதம் ஒருமுறை 16 கிலோமீட்டராவது மண்பாதையில் எச்4 போட்டு ஓட்டுங்கள். முன் அச்சுக்குள் எண்ணெய் பரவும். தோட்டத்து வாசலுக்கு வந்தபின்னும் எச்2-க்குத் திருப்பிய குமிழின் விளக்கு மினுக்கினால் தண்டுகளில் முறுக்கு மிச்சமிருக்கிறது. ஸ்டீயரிங்கை நேராக வைத்து, மெதுவாக நாலைந்து மீட்டர் பின்னால் எடுங்கள். 'டக்' என்று விடுபட்டு விளக்கு அணையும். அதன்பிறகு பாலிங் சாலையில் ஏறுங்கள்.