பேட்டரி தெளிப்பான் பாதி வயலில் நிற்பது ஏன்?

குமராட்சி வட்டாரத்தில் கீழணைத் தண்ணீர் வடக்கு ராஜன் வாய்க்காலில் வந்து சம்பா நடவு முடிந்தபின், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மருந்தடிக்கக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. அடைமழைக்கு நடுவே ஒருநாள் வெயில் முகம் காட்டும். அன்று காலை இலைச்சுருட்டுப் புழுவுக்கோ புகையானுக்கோ மருந்து கலந்து தோளில் மாட்டிய பேட்டரி தெளிப்பான் மூன்றாவது டாங்கிலேயே முனகி நின்றுவிட்டால், கலந்த மருந்தும் வீண், ஆள் கூலியும் வீண். மறுநாள் மழை பிடித்துக்கொண்டால் பூச்சிக்கு ஒரு வாரம் கொண்டாட்டம்.

இப்படி நின்றதும் "பேட்டரி போய்விட்டது" என்று முடிவு கட்டி, சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிப் புதிய பேட்டரி வாங்கி வருவோர் உண்டு. சில சமயம் அதைப் போட்ட பிறகும் மிஷின் ஓடுவதில்லை. கோளாறு ஒரு சிறு ஃபியூஸிலோ, பச்சை பூத்த ஒயர் முனையிலோ இருந்திருக்கும். உண்மையிலேயே பேட்டரி கெட்டிருந்தாலும், பெரும்பாலும் அது உழைத்துக் கெட்டதல்ல; சார்ஜ் இல்லாமல் மூலையில் கிடந்து கெட்டது.

உள்ளே நடப்பது என்ன?

16 லிட்டர் தெளிப்பான்கள் பலவற்றில் இருப்பது 12 வோல்ட், 8 அல்லது 12 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈய-அமில பேட்டரி. 1859-ல் பிரான்சு நாட்டு காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த முறையில் வந்தது இது. டிராக்டரில் இருப்பதும் இந்த இனம்தான். மேல்நாடுகளில் கோல்ஃப் மைதானத்தில் ஓடும் வண்டிகளில் இதே இனத்துப் பெரிய பேட்டரிகளை வரிசையாக இணைத்திருப்பார்கள். அளவுதான் வேறு, வரும் நோய் ஒன்றே.

பேட்டரிக்குள் ஆறு அறைகள். அறைக்குச் சுமார் 2 வோல்ட். மின்சாரம் செலவாகும்போது ஈயத் தகடுகளின்மேல் ஈய சல்பேட் என்ற வெண்மையான பொருள் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது மாறிப் பழைய நிலைக்கு வந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டிப்பட்டு, உப்புப் பூத்த நிலம் போலத் தகடு பயனற்றுப் போகிறது. பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் முழுமையாக ஏறாது.

இந்தப் பகுதியில் சம்பா அறுவடைக்கு முந்தி வயலில் விதைத்த உளுந்து, பயறுக்குப் பூக்கும் தருணத்தில் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பதோடு பல வீடுகளில் மிஷினுக்கு ஓய்வு. மறுபடி கைக்கு வருவது ஐப்பசியில். இடையில் ஆறேழு மாதம். அதில் கத்திரி வெயிலும் அடக்கம். சும்மா கிடந்தாலும் பேட்டரியில் உள்ள மின்சாரம் தானே குறையும். சூடு 10 டிகிரி கூடினால் அந்தக் குறைவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். தகரக் கொட்டகையில் போட்டு வைத்த மிஷின் சம்பாவுக்கு உதவாததில் வியப்பில்லை.

கோளாறைக் கண்டுபிடிக்கும் வரிசை

முதலில் மோட்டார் ஓசையைக் கேட்க வேண்டும். ஓசை வழக்கம்போல் இருந்து தெளிப்பு மட்டும் வலுவிழந்தால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். டாங்கின் அடியில் உள்ள சல்லடை, கைப்பிடிக்குள் இருக்கும் வடிகட்டி, நாசில் ஆகியவற்றைக் கழற்றிக் கழுவ வேண்டும். டி.ஏ.பி.யை இரவே ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் துணியில் வடிகட்டி ஊற்றாதவர்களுக்கு இந்த அடைப்பு அடிக்கடி வரும்.

ஓசையே இல்லையென்றால் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். பிறகு பேட்டரியின் இரு முனைகளில் மாட்டிய ஒயர். மருந்தும் உரக் கரைசலும் கசிந்து அங்கே பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்திருக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே சிறிது வாசலைன் தடவினால் போதும். சிவப்பு ஒயர் கூட்டல் முனைக்கு, கறுப்பு கழித்தல் முனைக்கு. மாற்றி மாட்டினால் ஃபியூஸோடு போகாமல் உள்ளிருக்கும் மின்சுற்றும் கருகலாம்.

இதற்கும் சரியாகாவிட்டால் அளந்து பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும். சார்ஜ் ஏற்றி முடித்து, சார்ஜரை எடுத்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அளந்தால் நல்ல பேட்டரி 12.8 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12.3 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழ் என்றால் காலி என்றே கொள்ள வேண்டும். இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றியும் 10.5 வோல்ட் அருகிலேயே நின்று, பேட்டரியும் சூடாக இருந்தால் ஆறில் ஓர் அறை செத்துவிட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது.

ஓய்வில் காட்டும் வோல்ட்டை மட்டும் நம்பக் கூடாது. டாங்கில் தண்ணீர் ஊற்றி மிஷினை ஓடவிட்டு அப்போதும் அளக்க வேண்டும். நல்ல பேட்டரி சற்றே இறங்கி நிற்கும். ஓய்வில் 12.7 காட்டி, சுவிட்ச் போட்டதும் 10-க்குச் சரிந்தால் தகடுகள் கெட்டிப்பட்டுவிட்டன என்று பொருள். மீட்டர் இல்லாதவர்கள் மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட், 35 வாட் ஹெட்லைட் பல்பை இணைத்துப் பார்க்கலாம். முழு சார்ஜில் உள்ள 8 ஆம்பியர்-மணி பேட்டரி அதை ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் பிரகாசமாக எரிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் மங்கினால் மாற்ற வேண்டியதுதான். மங்கியதும் பல்பை எடுத்துவிட்டுச் சார்ஜ் போட வேண்டும்.

குற்றம் சார்ஜரிலும் இருக்கலாம். மாட்டியபின் வோல்ட் மெல்ல மெல்ல ஏறி 14-ஐ ஒட்டி வந்தால் சார்ஜர் நன்றாக இருக்கிறது. அசையவே இல்லையென்றால் சார்ஜரோ அதன் ஒயரோ பழுது. காலியான பேட்டரியில் மாட்டிய ஐந்து நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்தால் பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். அது நல்ல அறிகுறி அல்ல. மின்சாரத்தை ஏற்க முடியாத பேட்டரியோ, ஒயர் அறுந்த இணைப்போதான் அப்படிக் காட்டும்.

சார்ஜ் ஏற்றும் முறை

"முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும்" என்ற பேச்சு கிராமத்தில் பரவலாக இருக்கிறது. ஈய-அமில பேட்டரிக்கு இது நேர் எதிரான யோசனை. இரண்டு டாங்க் அடித்திருந்தாலும் அன்றிரவே சார்ஜ் போட வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்க 16 லிட்டர் டாங்கை 12, 13 முறை நிரப்ப வேண்டும். மோட்டார் 2 ஆம்பியர் இழுத்தால் 8 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருக்கும்போதே நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஓசை தளர்ந்த பிறகும் இன்னொரு டாங்க், இன்னொரு டாங்க் என்று ஓட்டுவது பேட்டரியின் ஆயுளைத் தின்னும்.

ஓய்வுக் காலத்தில் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும். அமாவாசை என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் மறக்காது. மிஷினைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மருந்து நெடி போன பிறகே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சமையலறையிலும் பிள்ளைகள் படுக்கும் இடத்திலும் சார்ஜ் போடக் கூடாது. சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு கசியக்கூடும் என்பதால் காற்றோட்டமான இடம் அவசியம்; பக்கத்தில் பீடி, விளக்கு ஆகாது. இந்தப் பேட்டரிகள் மூடி அடைத்தவை. டிராக்டர் பேட்டரிக்கு ஊற்றுவதுபோல் மேல் மூடியைப் பெயர்த்து இதற்குத் தண்ணீரோ அமிலமோ ஊற்றக் கூடாது.

மாற்றும்போது

வோல்ட், ஆம்பியர்-மணி, நீள அகலம் மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். கடையில் ஒரு வருடம் தூங்கிய பேட்டரியும் மூலையில் கிடந்ததற்குச் சமம்தான். ஆகவே தயாரித்த மாதத்தைப் பார்த்து, கடைக்காரர் முன்னிலையிலேயே அளந்து, 12.5 வோல்ட்டுக்குக் குறைந்தால் வேறு கேட்க வேண்டும். லித்தியம் பேட்டரி எடை குறைவு, தோளுக்கு இதம். ஆனால் அதற்குரிய சார்ஜர் தனி. பழைய சார்ஜரை அதில் மாட்டினால் தீ விபத்துக்கும் இடமுண்டு.

பழைய பேட்டரியை வாய்க்கால் ஓரம் எறிவதோ, ஈயத்துக்காக வீட்டில் உடைத்து உருக்குவதோ வேண்டாம். ஈயம் நஞ்சு; சிறு குழந்தைகளின் மூளையை அது பாதிக்கும். கடையில் திருப்பிக் கொடுத்தால் எடைக்கு ஏற்ப விலையில் கழித்துக்கொள்வார்கள். பஸ் ஏறும்போது அதையும் பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.