நம்பிக்கைகளும் உண்மைகளும்: தொட்டித் தலைப்பிரட்டை கொசுவை ஒழிக்குமா?

இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் குமரி மாவட்டத்துக் குழித்துறை வட்டாரத்தில் இரண்டு காரியங்கள் ஒருசேர நடக்கின்றன. வயலோரக் குட்டைகளிலும் முற்றத்துத் தொட்டிகளிலும் தவளைகள் முட்டையிடத் தொடங்குகின்றன. ஆடி அமாவாசையை ஒட்டி நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சியிலிருந்து ரோஜாவும் செம்பருத்தியும் குரோட்டனும் சட்டி சட்டியாக வீடுகளுக்கு வந்து சேர்கின்றன. டெங்கு பயமும் இதே மழையோடுதான் வருகிறது. இந்த மூன்றையும் சேர்த்து இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. தொட்டியில் தலைப்பிரட்டை வளர்த்தால் கொசு அண்டாது என்பது ஒன்று. அறைக்குள் நாலு செடிச்சட்டி வைத்தால் காற்று சுத்தமாகிவிடும் என்பது மற்றொன்று. தலைப்பிரட்டையும் செடியும் வீட்டில் வளர்க்கத் தக்கவை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஒரு குழந்தை முட்டையிலிருந்து தவளை வரை கண்ணால் கண்டு கற்பதை எந்தப் பாடநூலும் ஈடு செய்யாது. ஆனால் மேற்சொன்ன நம்பிக்கைகள் அந்த உயிர்களின் மேல் அவற்றால் முடியாத வேலையைச் சுமத்துகின்றன. அவை பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, நாம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விடுகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தலைப்பிரட்டை என்ன தின்கிறது என்பதை அதன் வாயே சொல்லிவிடும். பெரும்பாலான இனங்களின் வாயில் சிறிய கொம்புப் பொருளாலான அலகும், அதைச் சுற்றி வரிசை வரிசையாக நுண்ணிய பற்களும் இருக்கின்றன. கல்லிலும் இலையிலும் தொட்டிச் சுவரிலும் படிந்த பாசியைச் சுரண்டுவதற்கான அமைப்பு அது. வயிற்றுக்குள் கடிகாரச் சுருள்போல் நீண்ட குடல் சுருண்டு கிடப்பது மெல்லிய தோலின் வழியே வெளியே தெரியும். தாவர உணவைச் செரிக்க நீண்ட குடல் வேண்டும். வால் கரைந்து தவளையாகும் கட்டத்தில் அந்தக் குடலே சுருங்கிக் குறுகிவிடுகிறது. பூச்சி தின்னும் வாழ்க்கை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆக, பாசியைத் தேடிச் சுவரை மேயும் தேரையின் குஞ்சுக்குப் பக்கத்திலேயே கொசுவின் கூத்தாடிப் புழு நெளிந்துகொண்டிருக்கலாம். ஒரே பாத்திரத்தில் இரண்டும் ஒரே உணவுக்குப் போட்டி போடும்போது கூத்தாடிகளின் வளர்ச்சி சற்றுக் குன்றலாம். அதைக் கொசு ஒழிப்பு என்று சொல்ல முடியாது.

இதற்கு மறுப்பு உண்டு, அதுவும் வலுவான மறுப்பு. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் கொசுவின் முட்டைகளைப் பல இனத் தலைப்பிரட்டைகள் தின்றதை, 2013இல் இலங்கையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மழைக்காலத்தில் ஆண் மஞ்சளாக மாறி, தாடையோரம் நீலப் பைகள் புடைக்கக் கத்துமே, அந்தப் பெருந்தவளையின் குஞ்சுகள் பிறவியிலேயே ஊனுண்ணிகள். கூத்தாடிகளையும் பிடித்துத் தின்னக்கூடியவை. இரண்டையும் நான் ஏற்கிறேன். ஆனால் ஆய்வுப் பாத்திரத்தில் முட்டைகள் தலைப்பிரட்டையின் வாய்க்கு எட்டும் இடத்தில் இருந்தன. வீட்டில் ஈடிஸ் அப்படி இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் கசியும் சுவரில்தான் முட்டைகளை ஒட்டுகிறது. தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் நீர் ஏறி நனைத்ததும் பொரியும். நமது வெப்பத்தில் முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தலைப்பிரட்டைக்கோ தவளையாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், சில இனங்களுக்கு இரண்டு மாதமும் ஆகும். ஒரு தலைமுறைத் தலைப்பிரட்டை வளர்வதற்குள் கொசு ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறையைக் கண்டுவிடுகிறது. ஊனுண்ணிக் குஞ்சைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டால், அது கூத்தாடியோடு நிற்காமல் கூட இருக்கும் மற்றத் தலைப்பிரட்டைகளையும் தின்று தீர்க்கும். குழந்தைகள் ஆசையாக வளர்க்கும் தொட்டியில் அதற்கு இடமில்லை.

குஞ்சு தின்னாவிட்டால் என்ன, வளர்ந்த தவளை கொசுவைத் தின்னுமல்லவா என்று அடுத்த கேள்வி வரும். தின்னும். ஆனால் தேரையின் உணவில் பெரும்பங்கு எறும்பும் கறையானும் வண்டும்தான். அது இரவில் இரை தேடும். ஈடிஸோ பகலில் கடிக்கும். மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிக்கா, பனாமா நாடுகளில் ஒரு பூஞ்சை நோயால் தவளைகள் கூட்டமாக அழிந்த பிறகு மலேரியா கூடியதை 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியதே என்று கேட்கலாம். அந்த ஆய்வை நான் மதிக்கிறேன், அது என் வாதத்துக்குத் துணையாகவே நிற்கிறது. மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் கொசு. அது ஓடையிலும் சதுப்பிலும் குட்டையிலும் பெருகும். அங்கே தவளையும் தலைப்பிரட்டையும் தும்பியின் இளம்புழுவும் மீனும் நீர்வண்டும் சேர்ந்து ஒரு முழு வாழ்விடமாக நின்று கொசுவை அடக்கிவைக்கின்றன. அந்த வாழ்விடத்தின் வேலையை ஒரு பிளாஸ்டிக் தொட்டியிடம் எதிர்பார்க்க முடியாது. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் தடை செய்தபோதும், வயல்களில் பூச்சியைக் கட்டுப்படுத்தும் உயிரை இழக்கிறோம் என்ற கவலை அதன் பின்னணியில் இருந்தது. தவளையால் நமக்குப் பெரும் நன்மை உண்டு. அந்த நன்மை கிடைக்கும் இடம் ஏலா வயலும் குளமும் குழித்துறைத் தாமிரபரணிக் கரையும்தான். கொசுவுக்காகத் தவளையை நேசிப்பவர்கள் காக்க வேண்டியது மண்ணடித்து மூடப்படும் குளங்களை.

உயிர்களை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பாடங்கள் நம் கண்முன் இருக்கின்றன. கம்பூசியா மீன் 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கூத்தாடியைத் தின்னும் என்பது உண்மை. தவளையின் முட்டையையும் குஞ்சையும் தின்னும் என்பதும் உண்மை. அந்த மீனையும் தலைப்பிரட்டையையும் ஒரே தொட்டியில் விட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் தலைப்பிரட்டைகளை மீனுக்கு இரையாக்குகிறார்கள். இரண்டாவது பாடம் அந்தமானில் கிடைத்தது. மேலே சொன்ன அதே பெருந்தவளை, மீன்குஞ்சுகளோடு கலந்து அந்தத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் தலைப்பிரட்டைகளோடு தீவின் சொந்த இனத் தலைப்பிரட்டைகளைச் சேர்த்து வளர்த்துப் பார்த்த ஆய்வில், சொந்த இனங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை; 2019இல் அது வெளிவந்தது. குமரி மாவட்டத்து வயல்களில் இயல்பாக வாழும் ஒரு தவளை, இடம் மாறியதும் வேறொரு நிலத்தின் தவளைகளுக்கு எமனாகிவிட்டது. ஒரு குளத்துத் தலைப்பிரட்டையை இன்னொரு குளத்தில் விடுவது புண்ணியம் என்று எண்ணுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நோய்க்கிருமியும் பூஞ்சையும் இந்த வழியாகவும் ஊர்விட்டு ஊர் போகின்றன.

ஓரிடத்து உண்மையை வேறோர் இடத்துக்குப் பொருத்தும் பிழையில்தான் செடிச்சட்டியைப் பற்றிய நம்பிக்கையும் பிறந்தது. அறைக்காற்றைச் செடிகள் சுத்தம் செய்யும் என்ற பேச்சுக்கு மூலம், 1989இல் அமெரிக்காவின் நாசாவுக்காக உல்வர்ட்டன் என்பவர் செய்த ஆய்வு. காற்றுப் புகாமல் அடைத்த சிறு பெட்டிக்குள் செடியை வைத்து பென்சீன், பார்மால்டிஹைடு போன்ற வாயுக்கள் குறைவதை அவர் அளந்தார். அளவீட்டில் குறையில்லை. ஆனால் நம் வீடு அடைத்த பெட்டி அல்ல. சாதாரணக் கட்டடங்களில் காற்றோட்டம் தானாகவே வெளியேற்றும் அளவு மாசை நீக்க எத்தனை செடி வேண்டும் என்று கம்மிங்ஸ், வேரிங் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2019இல் கணக்கிட்டார்கள். தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடி வரை வேண்டும் என்று விடை வந்தது. அப்படி ஓர் அறையில் மனிதர் நிற்க இடமிருக்காது. அடைத்த பெட்டிக்குள் உண்மையாக இருந்ததை வீட்டுக்குப் பொருத்தியதுதான் தவறு. பெயின்ட் வாடையோ கொசுவர்த்திப் புகையோ இருந்தால் சன்னலைத் திறக்க வேண்டும். செடி கண்ணுக்கும் மனதுக்கும் தரும் நிறைவே அதை வளர்க்கப் போதுமான காரணம்.

இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஓரிடத்தில் சந்தித்துக் கைகோத்துக்கொள்கின்றன. அது செடிச்சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. தினமும் தண்ணீர் ஊற்றினால்தான் செடி செழிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சட்டியில் வளரும் செடிகள் சாவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இந்த அதிகத் தண்ணீர்தான். வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இடைவெளிகளில் காற்றுக்குப் பதிலாக நீர் நிறைந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை வாடும். வாட்டத்தைக் கண்டவர் இன்னும் ஊற்றுவார். இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த மண்ணில், காற்றிலேயே ஈரம் நிற்கும் மாதங்களில், இந்தத் தவறு மிக விரைவாகச் செடியைக் கொல்கிறது. விரல்கணு அளவு மண்ணுக்குள் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது போதும். கூடுதலாக ஊற்றிய நீரோ சட்டியின் துளை வழியே இறங்கித் தட்டில் தேங்குகிறது. நிழல், அசையாத சிறிதளவு நீர், ஈரச்சுவர் என்று ஈடிஸ் விரும்பும் அத்தனையும் அந்தத் தட்டில் இருக்கின்றன. மணி பிளான்ட் வைத்த பாட்டிலும் அப்படியே. லக்கி பேம்பூ என்று விற்கும் செடியை நீரில் வைத்துச் சீனாவிலிருந்து கப்பலேற்றியதில், ஆசியப் புலிக்கொசு கலிபோர்னியாவுக்கே போய் இறங்கியது. 2001இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் புலிக்கொசு நம் ரப்பர் தோட்டங்களுக்குப் புதிதல்ல. பால்வெட்டு நின்ற மழைநாட்களில் மரத்தில் நிமிர்ந்தபடி கிடக்கும் சிரட்டை ஒவ்வொன்றும் அதற்குத் தொட்டில்.

ஈடிஸ் அதிக தூரம் பறப்பதில்லை. பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிறது. உங்களைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோதான் பிறந்திருக்கும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் தட்டைக் கவிழ்த்து, தொட்டியின் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுவதற்கு நிகரான மருந்து வேறில்லை. வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும், தேய்ப்பதுதான் முக்கியம். தட்டு கட்டாயம் வேண்டுமென்றால் மணலால் நிரப்பி வைக்கலாம்.

அப்படியானால் தலைப்பிரட்டை வளர்க்கவே கூடாதா, ரோட்டோரக் குட்டையில் வெயிலில் சாகப்போகிறவற்றை எடுத்து வளர்ப்பது இரக்கமல்லவா என்று கேட்பவர்களுக்குப் பொறுப்பான பதில் சொல்ல வேண்டும். தேரை ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை கொக்குக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் தும்பிப் புழுவுக்கும் உணவாகவே பிறக்கின்றன. குட்டை வற்றுவதை உணர்ந்து, பல இனங்களின் குஞ்சுகள் வளர்ச்சியை விரைவுபடுத்திச் சீக்கிரமே கரையேறவும் செய்கின்றன. உண்மையிலேயே வற்றும் குட்டையென்றால், சில அடி தள்ளி அதே ஓடையோடு சேர்ந்த ஆழமான நீரில் விடுவது நல்லது. குழந்தைகளுக்காக வளர்ப்பதானால் ஐந்தாறு போதும். மழைநீரோ கிணற்று நீரோ நல்லது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். சற்றே வெந்த கீரை ஒரு துண்டு போடலாம், சோறு போட்டால் நீர் கெடும். பழைய நீரில் மூன்றில் ஒரு பங்கை அவ்வப்போது மாற்றி, எடுத்ததைச் செடிக்கு ஊற்றலாம். அதில் கழிவின் சத்து இருப்பதால் செடிக்கு நல்லது என்ற நம்பிக்கை சரியே. ஆனால் உரமும் பூச்சிமருந்தும் கலந்த சட்டித் தண்ணீர் தொட்டியில் வடியக் கூடாது. தலைப்பிரட்டையின் மெல்லிய தோல் வழியே நஞ்சு உடனே உள்ளே இறங்கும். முன்கால் முளைத்ததும் கல்லோ சாய்ந்த மரத்துண்டோ வைக்க வேண்டும். அப்போது அது நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கிவிடும். ஏறி உட்கார இடமில்லாவிட்டால் மூழ்கிச் சாகும். தொட்டியின் வாயைக் கொசுவலையால் இறுகக் கட்டுவது எல்லாவற்றையும்விட அவசியம். தலைப்பிரட்டைத் தொட்டியும் தேங்கிய நீர்தானே.

தவளையின் மேல் வேலையைச் சுமத்துவதோடு பழியைச் சுமத்துவதும் நடக்கிறது. தவளையைத் தொட்டால் மரு வரும் என்பார்கள். மரு மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸால் வருவது. தேரை மோந்ததால் தேங்காய் ஒல்லியானது என்பார்கள். மகரந்தச் சேர்க்கைக் குறையும் போரான், சாம்பல் சத்துக் குறையும்தான் அதற்குக் காரணம். இளைத்துத் தேயும் குழந்தைக்குத் தேரை விழுந்துவிட்டது என்று சொல்லி நாளைக் கடத்துவதுதான் இவற்றில் மிகக் கொடியது. அது ஊட்டச்சத்துக் குறைவாகவோ காசநோயாகவோ இருக்கலாம். அந்தக் குழந்தையை அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வளர்த்த தவளைக் குஞ்சுகளை, முட்டை எடுத்த அதே குளத்தின் கரையில், மழை பெய்த ஒரு மாலையில் விட்டுவிடுங்கள். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் செடிச்சட்டித் தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.