இரயில் பயணமும் மாற்றுத்திறனாளிகளும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்குப் போக்குவரத்து அடிப்படை என்று பாடநூல்களில் படிக்கின்றோம். கல்வி, வேலை, மருத்துவம் ஆகிய மூன்றும் பயணம் செய்ய முடிந்தவர்க்கே எளிதில் கிட்டுகின்றன. எளிய மக்களுக்கு நெடுந்தூரப் பயணம் என்றால் பெரும்பாலும் அது இரயில் பயணந்தான். அப்பயணம் மாற்றுத்திறனாளிகளுக்கு எந்த அளவு இயலுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். முதியோர், கருவுற்ற மகளிர், நோயாளிகள் ஆகியோரையும் சேர்த்துப் பார்த்தால், இரயில் படிகளில் ஏறத் தவிப்போர் ஒரு சிறு கூட்டத்தினர் அல்லர் என்பது விளங்கும்.

சட்டம் கூறுவது யாது?

1981-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடியது. இந்தியாவில் முதல் விரிவான சட்டம் 1995-இல் இயற்றப்பட்டது. இரயில் பெட்டிகளையும் அவற்றின் கழிப்பறைகளையும் இவர்கள் பயன்படுத்தத் தக்கவாறு மாற்றியமைக்க வேண்டும் என அது கூறிற்று. ஆனால் ‘பொருளாதார சக்திக்கு உட்பட்டு’ என்ற ஒரு நிபந்தனையையும் கூடவே வைத்தது. பின்னர் வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம், 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்தது. இரயில் நிலையங்கள் உரிய தரத்தில் அமைய வேண்டும் என்றது. எனினும் பழைய வண்டிகளைப் பொறுத்தவரை, செலவு கட்டுப்படியானால், பெரிய கட்டமைப்பு மாற்றம் தேவைப்படாவிட்டால் என்ற வரம்புகள் அதிலும் உள்ளன. உரிமை ஒரு கையால் வழங்கப்பட்டு, மறு கையால் சற்றே பின்னிழுக்கப்படுகின்றது எனலாம்.

2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இக்குறையைத் தொட்டுக் காட்டியது. அணுகல் வசதிக்கான தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் சட்டத்தின் நோக்கத்திற்கு முரணானது என்றும், கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்றும் அது தீர்ப்பளித்தது.

கட்டணச் சலுகை போதுமா?

கை கால் குறைபாடுடையோர், பார்வையற்றோர், அறிவுசார் குறைபாடுடையோர் ஆகியோருக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாதோருக்கு 50 சதவீதம். துணைக்கு வருபவர்க்கும் சலுகை கிடைக்கின்றது. படுக்கை வகுப்பில் 2 கீழ்ப்படுக்கைகளும் 2 நடுப்படுக்கைகளும் இவர்களுக்கும் துணைவருக்கும் ஒதுக்கப்படுகின்றன. இவை பாராட்டத்தக்கவை. ஆயினும் சட்டம் 21 வகைகளை ஏற்றிருக்க, மாற்றுத்திறனாளிகள் என்ற வகையில் வழங்கப்படும் கட்டணச் சலுகை மேற்கண்ட 4 பிரிவினரோடு நின்றுவிடுகின்றது.

விலை குறைந்தால் தேவை பெருகும் என்பது பொருளியல் விதி. ஆனால் கடைக்குள் நுழையவே இயலாதவனுக்கு விலைக் குறைப்பால் என்ன பயன்? ஆகவே சலுகையைக் காட்டிலும் வழியே முதன்மையானது.

அரை மீட்டர் உயரம்

நமது நிலையங்களில் உயர்மட்ட நடைமேடை, தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ. வரை உயரமுடையது. விரைவு வண்டிப் பெட்டியின் தரையோ ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே நல்ல நடைமேடையில் நின்றாலும் பெட்டிக்குள் செல்ல அரை மீட்டர் ஏற வேண்டும். தாழ்ந்த மேடையுள்ள சிற்றூர் நிலையங்களில் நிலைமை இன்னும் கடினம். அங்கு வண்டி நிற்பதோ ஓரிரு நிமிடங்கள்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 12 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பது பொது விதி. அரை மீட்டர் ஏற 6 மீட்டர் நீளமுள்ள சாய்தளம் தேவை. நடைமேம்பாலம் 6 மீட்டர் உயரமானால் 72 மீட்டர் நீளம் வேண்டும். அதனால்தான் மின்தூக்கி இன்றியமையாததாகின்றது. அது பழுதானால் இரண்டாம் நடைமேடை அவருக்கு வேற்றூர் போலாகிவிடும். போர்ட்டர்களும் உறவினரும் தூக்கி ஏற்றுவதே இன்று பல இடங்களில் காணும் வழக்கம். மூட்டையைப் போலத் தூக்கப்படுவதில் உடல் நோவைவிட மன நோவு மிகுதி.

இது மாற்ற இயலாத விதியா? அன்று. 2015 ஜூன் 29-இல் தொடங்கிய சென்னை மெட்ரோ இரயிலில் பெட்டியின் தரையும் மேடையும் ஒரே மட்டத்தில் உள்ளன. நிலையங்களில் மின்தூக்கி உண்டு. பார்வையற்றோர் காலால் உணர்ந்து செல்லத் தரையில் புடைப்புக் கோடுகளும் உண்டு. சரக்கு வண்டி முதலாகப் பலவகை வண்டிகள் செல்லும் பழைய பாதைகளில் மேடையை மட்டும் உயர்த்திவிட முடியாது என்பது உண்மையே. ஆனால் பெட்டியை மாற்றலாம். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவாகி 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் வண்டியில் சக்கர நாற்காலிக்கென இடமும், ஏற்ற கழிப்பறையும் அமைந்துள்ளன.

தனிப் பெட்டியும் தகவலும்

விரைவு வண்டிகள் பலவற்றில் கார்டு பெட்டியோடு இணைந்த ஒரு தனிப் பகுதி இவர்களுக்கென உள்ளது. அகன்ற கதவும், கைப்பிடியுள்ள பெரிய கழிப்பறையும் அதில் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் வண்டியின் கோடியில் நிற்கும். நடைமேடையின் கோடியிலோ கூரையும் இருக்காது, உதவியும் கிட்டாது. கூட்ட நாட்களில் பிறர் அதில் ஏறி நிறைத்துவிடுவதும் நாம் காண்பதே.

பார்வையற்றவருக்கு ஒலி அறிவிப்பே கண். செவித்திறன் இல்லாதவருக்கு எழுத்துப் பலகையே காது. கடைசி நிமிடத்தில் நடைமேடை மாற்றத்தை ஒலிபெருக்கியில் மட்டும் அறிவித்தால் ஒருவர் வண்டியைத் தவற விடுவார். அறிவுசார் குறைபாடுடையவர் கலங்கிப் போவார்.

செய்யத்தக்கவை

1. வண்டி நிற்கும் ஒவ்வொரு நிலையத்திலும் எடுத்துச் சென்று பொருத்தத்தக்க சாய்தளம் ஒன்றேனும் இருத்தல் வேண்டும்.

2. தனிப் பெட்டி நிற்குமிடத்தை நடைமேடையில் நிலையாகக் குறித்து, அங்கே கூரை அமைத்தல் வேண்டும்.

3. முன்பதிவுச் சீட்டிலேயே உதவி கோரும் வசதி இருந்து, அச்செய்தி ஏறும் நிலையத்திற்கும் இறங்கும் நிலையத்திற்கும் செல்ல வேண்டும்.

4. அறிவிப்புகள் யாவும் ஒலியாகவும் எழுத்தாகவும் ஒருசேர வர வேண்டும்.

5. உதவி செய்யும் முறையை ஊழியர்களுக்குப் பயிற்றுவிக்க வேண்டும்.

பயணம் என்பது வீட்டு வாயில் முதல் சேருமிடம் வரை நீளும் ஒரு சங்கிலி. அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பயன்படா. ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை நீக்கி ‘மாற்றுத்திறனாளிகள்’ என அழைக்கத் தொடங்கிவிட்டோம்; அது நற்பணியே. அச்சொல்லுக்கு ஏற்பப் படிகளும் மாற வேண்டும்.

மாணவ நண்பர்களே, நம்முள்ளும் ஊருக்குச் செல்ல இரயிலையே நம்பியுள்ள மாற்றுத்திறனாளி மாணவர்கள் உள்ளனர். அவர்களுக்குரிய பெட்டியில் நாம் ஏறாதிருத்தலும், கேட்டறிந்து உதவுதலும் இன்றே இயலுபவை. நாளை நம்மிற் சிலர் இரயில்வே பணிக்குச் செல்லக்கூடும். அன்று ஒரு நடைமேடையின் வரைபடம் நம் கைக்கு வருமானால், சக்கர நாற்காலியில் வருபவர் எவ்வழியே செல்வார் என்பதை முதலில் பார்ப்போமாக.