பிளாஸ்மா ஜெட்டை எதைக் கொண்டு அளப்பது?

ஹீலியம் ஓடும் கண்ணாடிக் குழாயில் சில கிலோவோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், அதன் வாயிலிருந்து சில சென்டிமீட்டர் நீளத்துக்கு ஊதா நிற ஒளிக்கீற்று நீளும். தோலைச் சுடாத அளவுக்கு அது குளிர்ந்தது. ஆறாத புண்களுக்குச் சிகிச்சை தரவும் கிருமிகளை அழிக்கவும் பயன்படும் இந்தப் பிளாஸ்மா ஜெட்டை ஆராய வரும் மாணவர்கள் எலக்ட்ரான் அடர்த்தியில்தான் தொடங்க விரும்புகிறார்கள். நான் மின்திறனில் தொடங்கச் சொல்வேன். அது தெரியாவிட்டால் உங்கள் எண்களை இன்னொரு ஆய்வகத்தின் எண்களோடு ஒப்பிடவே முடியாது.

கிலோஹெர்ட்ஸ் ஜெட்டுக்கு லிசாஜூ முறையே போதும். தரையிணைப்புப் பக்கம் ஒரு மின்தேக்கியை வைத்து, மின்னூட்டத்தையும் மின்னழுத்தத்தையும் ஆஸிலோஸ்கோப்பில் ஒன்றுக்கொன்று எதிராக வரையுங்கள். அந்த மூடிய உருவத்தின் பரப்பளவு ஒரு சுழற்சிக்கான ஆற்றல். அதிர்வெண்ணால் பெருக்கினால் திறன். 13.56 மெகாஹெர்ட்ஸில் இது எளிதல்ல. மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஏறக்குறைய 90 பாகை விலகி நிற்பதால், கட்டத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் திறன் பெரிதும் மாறிவிடும். மின்மூலத்தின் திரையில் தெரியும் வாட் அளவை நம்பாதீர்கள். அதில் பெரும்பங்கு பொருத்துச் சுற்றிலேயே வெப்பமாகிவிடும். ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்காக உருவாக்கிய காஸ்ட் ஜெட்டில் மின் உணரிகளைக் கருவிக்குள்ளேயே பதித்தது இதனால்தான்.

வாயு வெப்பநிலைக்குத் தெர்மோகப்பிள் வேண்டாம். உலோகம் மின்னிறக்கத்தைத் தன் பக்கம் இழுத்து, தானே ஒரு மின்முனையாகிவிடும். ஜெட் தோலைத் தொடும் இடத்துக்கு ஒளியிழை வெப்பமானி நல்லது. ஒளிரும் பகுதிக்குள் நிறமாலைதான் வழி: 309 நானோமீட்டர் அருகிலுள்ள ஹைட்ராக்சில் பட்டை, 337-இல் உள்ள நைட்ரஜன் பட்டை. ஆனால் ஆர்கான் ஜெட்டில் நைட்ரஜன் பட்டையைத் தவிர்த்துவிடுங்கள். கிளர்ந்த ஆர்கான் அணுக்கள் மோதி நைட்ரஜனைக் கூடுதலாகச் சுழலவைப்பதால், உண்மையைவிட அதிக வெப்பநிலை கிடைக்கும்.

எலக்ட்ரான் அடர்த்திக்கு இரண்டு வழிகள். ஹைட்ரஜனின் 486.1 நானோமீட்டர் கோடு எவ்வளவு அகன்றிருக்கிறது என்று பார்ப்பது மலிவானது. ஆனால் கன சென்டிமீட்டருக்கு 10¹⁴ என்ற அளவில் அந்த அகலம் சுமார் 0.04 நானோமீட்டர்தான், வாயு மோதல்களும் கருவியும் தரும் அகலத்தில் அது மூழ்கிவிடும். அங்கே தாம்சன் சிதறல்தான் நம்பத்தக்கது. லேசர் ஒளியை எலக்ட்ரான்களே சிதறடிப்பதால் அடர்த்தியோடு எலக்ட்ரான் வெப்பநிலையும் நேரடியாகக் கிடைக்கும். காற்று கலந்த இடத்தில் நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளின் ராமன் சிதறலைப் பிரித்தெடுக்கும் உழைப்பு அதற்கு விலை. லாங்மியூர் முனையைப் பயன்படுத்தவே வேண்டாம்: குறைந்த அழுத்தத்துக்கு எழுதப்பட்ட அதன் கோட்பாடு மோதல்கள் நிறைந்த இங்கே பொருந்தாது, முனையும் ஜெட்டைக் குலைத்துவிடும்.

வேதிப்பொருள்களுக்கு வருவோம். 777 நானோமீட்டர் கோடு பிரகாசமாக இருப்பதை வைத்து ஆக்சிஜன் அணுக்கள் அதிகம் என்று முடிவு கட்டாதீர்கள்; மூலக்கூறு உடையும்போதும் அந்த ஒளி வரும். அணுக்களின் எண்ணிக்கை வேண்டுமானால் 225.6 நானோமீட்டர் இரு ஒளித்துகள் லேசர் ஒளிர்வும் செனான் வாயுவைக் கொண்டு அளவுத்திருத்தமும் தேவை. ஓசோனுக்கோ 254 நானோமீட்டர் பாதரச விளக்கின் உட்கவர்தலே போதும்.

ஒரே ஒரு கொள்முதலுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், நல்ல ஆஸிலோஸ்கோப்பும் அதற்கேற்ற உயர் மின்னழுத்த உணரியும் வாங்குங்கள். எதை அளந்தாலும், சிகிச்சை தரப்போகும் பரப்பை ஜெட்டின் முன் வைத்தே அளங்கள். எதிரே உலோகம் இருந்தால் ஒரு பிளாஸ்மா, ஈரத்தோல் இருந்தால் வேறு பிளாஸ்மா.