வடிவம் மாறினும் பொருள் மாறாது

நுழையும்முன்

மின்னஞ்சலில் ஒரு படத்தை இணைத்து அனுப்புகிறோம். மறுமுனையில் அப்படமே வந்து சேர்கிறது. வழியில் அஃது எழுத்துகளின் வரிசையாக உருமாறிச் செல்வதைப் பலர் அறிவதில்லை. அவ்வுருமாற்றத்தின் நெறியை இப்பாடம் விளக்குகிறது.

தறி காட்டும் வழி

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, சேத்துப்பட்டு வட்டாரம் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. சேலையின் கரையிலும் முந்தானையிலும் அமையும் பூவேலைப்பாடு முதலில் கட்டமிட்ட தாளில் வரையப்படும். பின்னர் அட்டைகளில் துளைகளாக மாற்றப்படும். ஜக்கார்டு பெட்டியில் அவ்வட்டைகள் ஏறியதும், துளையுள்ள இடத்தில் பாவு இழை மேலெழும். துளையற்ற இடத்தில் எழாது. ஓவியம் துளைகளாகி, துளைகள் மீண்டும் ஓவியமாகின்றன. அட்டைகளின் வரிசை பிறழ்ந்தால் பூவும் சிதையும். பிரான்சு நாட்டின் ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டளவில் உருவாக்கிய கருவி இது.

கணினியும் துளை உண்டு, இல்லை என்பதுபோல் 1, 0 என்னும் இரண்டு குறிகளாலேயே அனைத்தையும் சேமிக்கிறது. இக்குறி ஒவ்வொன்றும் ஒரு பிட். 8 பிட்டுகள் ஒரு பைட்.

மாற்றம் ஏன்?

தொடக்ககால மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளுக்கென அமைந்தது. 7 பிட்டுகளில் அடங்கும் 128 குறிகளையே அது ஏற்றது. படமும் ஒலியும் 8 பிட்டுகளையும் பயன்படுத்துவன. எட்டாவது பிட் வழியில் இழக்கப்பட்டால் கோப்பே பாழாகும். எனவே 1992இல் வெளியான ‘மைம்’ என்னும் நெறிமுறை, ‘பேஸ்64’ என்ற மாற்றுமுறையை மின்னஞ்சலுக்கு வகுத்தது.

மாற்றும் முறை

மூன்று பைட்டுகளின் 24 பிட்டுகளை, ஆறு ஆறாக நான்கு கூறுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கூறும் 0 முதல் 63 வரையிலான ஓர் எண். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 0–25, சிறிய எழுத்துகள் 26–51, இலக்கங்கள் 52–61, கூட்டல் குறி 62, சாய்கோடு 63.

தமிழ் ‘அ’கரத்தையே காண்போம். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் அது மூன்று பைட்டுகள்:

11100000 10101110 10000101

பிரித்தபின்:

111000 001010 111010 000101

இவற்றின் மதிப்பு 56, 10, 58, 5. அவற்றுக்குரிய குறிகள் முறையே 4, கே, 6, எஃப். பெறுகின்ற கணினி இந்நான்கையும் மீண்டும் பிட்டுகளாக்கி, எட்டு எட்டாகச் சேர்க்கும். அகரம் மாறாமல் மீளும். இறுதியில் மூன்று பைட்டுகள் நிறையாவிடில், சமக்குறி இட்டு நிரப்புவர்.

மூன்று நான்காவதால் கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 300 கிலோபைட் படம் ஏறத்தாழ 400 கிலோபைட் ஆகும்.

பூட்டு அன்று

மாற்றிய எழுத்துவரிசை புரியாததுபோல் தோன்றும். ஆயினும் அது மறைபொருள் அன்று. முறை அறிந்த எவரும் நொடியில் மீட்கலாம். கடவுச்சொல்லை இம்முறையில் எழுதி வைத்துப் பாதுகாப்பு என எண்ணுவது, கதவைச் சாத்திவிட்டுத் தாழிடாமல் செல்வதற்கு ஒப்பாகும். மாற்றுமுறையின் பணி சிதையாமல் சேர்ப்பது. மறைப்பது குறியாக்கத்தின் பணி. இவ்வேறுபாட்டை உணர்தல் இன்றைய மாணவர்க்கு இன்றியமையாதது.

கற்பவை கற்றபின்

1. ‘ஆ’ என்னும் எழுத்தின் பைட்டுகள் 11100000 10101110 10000110. இதற்குரிய நான்கு குறிகளைக் கண்டறிக.
2. ஜக்கார்டு அட்டைக்கும் பேஸ்64 முறைக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.