நியம நூலகத்தில் இடம்பெறத் தக்கவை எவை?

நூல் இயற்றுவோர்க்கு எதனைச் சேர்ப்பது என்பதிலும் எதனை விலக்குவது என்பதே அரிய வினாவாகும். கணினிச் செய்நிரல் இயற்றுவோர்க்கும் அவ்வாறே. மூலநிரல் யாவர்க்கும் திறந்துள்ள பைதன் என்னும் கணினிமொழியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1991இல் வெளிவந்த அம்மொழியுடன் இணைத்தே வழங்கப்படும் கூறுகளின் தொகுதி நியம நூலகம் எனப்படும்.

அதனுள் ஒரு கூறு இடம்பெறின், பயன்படுத்துவோர் அதனை வேறிடத்துத் தேடவேண்டியதில்லை. காப்போர்க்கோ அது நெடுங்காலச் சுமை. பதிப்புத்தோறும் அதனைச் சோதித்தலும் பழுதுநீக்கலும் அவர்தம் கடன். அவருட் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்.

ஆதலின் மூன்று வினாக்கள் எழுகின்றன. அக்கூறு இன்றும் பலர்க்கு வேண்டியதா? வெளியிலிருந்து பெறுதற்கு அரியதா? அதனைப் பேணுவார் உளரா?

2022இல் வந்த 3.11ஆம் பதிப்பில் டொம்லிப் என்னுங் கூறு சேர்க்கப்பட்டது. பிறவற்றை நிறுவுங் கருவிகளுக்கே அது வேண்டியிருந்தது. நிறுவுங் கருவிக்கு வேண்டியதை நிறுவிப் பெறுதல் எளிதன்றே! மாறாக, டெல்நெட்லிப் முதலிய 19 கூறுகள் 2024இல் வந்த 3.13ஆம் பதிப்பில் நீக்கப்பட்டன. அவற்றை நம்பியிருந்தோர் மாற்றுவழி தேடுமாறு 3.11ஆம் பதிப்பிலேயே எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

ஒலிக்கோப்புகளைக் கையாளும் பழைய கூறுகள் சில அவ்வாறு நீங்கியபோதும், வேவ் என்பது நிலைத்தது. அதன் கோப்புவகை இன்றும் வழக்கிலுள்ளது. சிறார்க்குக் கணினியில் ஒலியெழுப்பக் கற்பித்தற்கும் அது பயன்படுகின்றது. இவ்விரண்டும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன.

பழமை ஒன்றே விலக்குதற்குக் காரணமன்று. புதுமை ஒன்றே சேர்த்தற்குக் காரணமன்று. பயனும் பேணுவாரும் உளரோவென ஆராய்ந்து துணிதலே முறையென்பதை நம் மாணாக்கர் உணர்வாராக.