இணையவழிக் கொள்முதலில் நாள் கணக்கு

கொள்முதல் விலையை மட்டும் பார்த்து லாப நட்டத்தைத் தீர்மானிக்கும் வணிகர் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார். சரக்கு என்ன விலைக்கு வந்தது என்பதோடு, பணம் கொடுத்த எத்தனையாவது நாளில் கடைக்கு வந்தது என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும். "கையிலே காசு, வாயிலே தோசை" என்பது நம் கடைவீதிப் பழமொழி. இணையவழிக் கொள்முதலிலோ காசு முதல் நாளே போய்விடுகிறது. தோசை எப்போது வரும் என்பது வேறொருவர் கையில் இருக்கிறது.

பில் ரோல், லேபிள், பேக்கிங் கவர், எலக்ட்ரானிக் தராசு, பாதாம், முந்திரி, மசாலாச் சரக்கு எனப் பலவற்றையும் இன்று மளிகை வணிகர்கள் இணையவழியே வாங்குகின்றனர். அவ்வாறு வாங்கக் கூடாது என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. வாங்குமுன் நாள் கணக்குப் போடுவது எப்படி என்பதே இங்கு பாடம்.

தாமதம் இரண்டு வகை

சரக்கு வந்து சேரும் காலத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, விற்பனையாளர் கையில் கழியும் நாட்கள். ஆர்டரைப் பார்த்து, கிடங்கிலிருந்து சரக்கை எடுத்து, பேக்கிங் செய்து, பில் போட்டு, கூரியரிடம் ஒப்படைக்கும் வரையிலான காலம் இது. இரண்டாவது, வழியில் கழியும் நாட்கள். கூரியர் அல்லது லாரி பார்சல் சர்வீஸ் சரக்கை வாங்கியதிலிருந்து நம் கடை வாசலில் இறக்கும் வரையிலான காலம் இது.

நம்மில் பலர் வழி நாட்களை மட்டுமே எண்ணுகிறோம். "மூன்று நாளில் கிடைக்கும்" என்று போட்டிருந்தால், ஆர்டர் போட்ட நாளிலிருந்து மூன்று நாள் என்று நினைத்துக்கொள்கிறோம். பல இடங்களில் அந்த மூன்று நாள் சரக்கு அனுப்பப்பட்ட பிறகுதான் தொடங்குகிறது. அதுவும் வேலை நாட்கள் என்ற கணக்காக இருக்கலாம். சனிக்கிழமை மாலை ஆர்டர் போட்டால், விற்பனையாளர் அதை திங்கட்கிழமை ஆர்டராகவே எடுத்துக்கொள்ளக்கூடும். இடையில் பண்டிகை விடுமுறை வந்தால் அதுவும் கணக்கில் சேராது.

மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிராக்கிங் எண் வந்துவிட்டால் சரக்கு புறப்பட்டுவிட்டது என்று பொருளல்ல. முகவரிச் சீட்டு அச்சிட்டவுடனேயே அந்த எண் கிடைத்துவிடும். பார்சலை கூரியர் எடுத்துச் சென்றதாகப் பதிவாகும் நாளே புறப்பட்ட நாள். சில விற்பனையாளர்கள் கையில் சரக்கே வைத்திருப்பதில்லை. நம் ஆர்டர் வந்தபின் வேறொருவரிடம் வாங்கி அனுப்புவார்கள். அங்கே முதல் வகைத் தாமதம் இன்னும் நீளும்.

தாமதத்தின் விலை

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கடையில் பாதாம் பருப்பு நாளொன்றுக்கு 2 கிலோ விற்கிறது. இணையவழியில் கிலோ ரூ. 800 வீதம் 50 கிலோவுக்கு ரூ. 40,000 முன்பணமாகச் செலுத்த வேண்டும். உள்ளூர் மொத்த வணிகர் கிலோ ரூ. 815 சொல்கிறார், 50 கிலோ ரூ. 40,750. அவர் மறுநாளே சரக்கை இறக்கி, 15 நாள் கடன் தவணையும் தருகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இணையவழியில் ரூ. 750 மிச்சம்.

சரக்கு 9 நாளில் வந்துவிடும் என்று நம்பி, 18 கிலோ கையிருப்பு இருக்கும்போது கடைக்காரர் ஆர்டர் போடுகிறார். சரக்கு 12ஆம் நாள்தான் வருகிறது. இந்த 12 நாளும் அவர் பணம் முடங்கிக் கிடக்கிறது. உள்ளூரில் கிடைத்திருக்கக்கூடிய 15 நாள் தவணையும் போயிற்று. ஆக 27 நாள். நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டி என்று வைத்தால் ரூ. 40,000க்கு 27 நாள் வட்டி ரூ. 540. இதோடு மூன்று நாள் கடையில் பாதாம் இல்லை. கிலோவுக்கு ரூ. 100 லாபம் என்றால் 6 கிலோவுக்கு ரூ. 600 போயிற்று. மொத்தம் ரூ. 1,140. மிச்சமான ரூ. 750ஐக் கழித்தால் நிகர நட்டம் ரூ. 390.

பாதாம் இல்லை என்று திரும்பிய வாடிக்கையாளர், பக்கத்துக் கடையில் பாதாமோடு பருப்பும் எண்ணெயும் வாங்கியிருப்பார். அந்த நட்டம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

எப்போது ஆர்டர் போடுவது?

இதற்குச் சுலபமான ஒரு வாய்ப்பாடு உண்டு. நாள் ஒன்றுக்கு விற்கும் அளவை, சரக்கு வர இதுவரை ஆன அதிகபட்ச நாட்களால் பெருக்க வேண்டும். அந்த அளவுக்குக் கையிருப்பு இறங்கும்போதே ஆர்டர் போட வேண்டும். மேலே சொன்ன கடையில் 2 கிலோ பெருக்கல் 12 நாள், அதாவது 24 கிலோ. விற்பனையாளர் சொல்லும் நாளை வைத்துப் பெருக்கக் கூடாது. நம் அனுபவத்தில் வந்த நாளை வைத்தே பெருக்க வேண்டும். தீபாவளி, பொங்கல் காலங்களில் விற்பனையும் கூடும், பார்சல் நெரிசலும் கூடும். அப்போது இரண்டு எண்களையும் உயர்த்திப் பெருக்குவது அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்குதான் வணிகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மறுவிற்பனைக்காகப் பொருள் வாங்குபவர் "நுகர்வோர்" அல்லர். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்னணு வணிக விதிகள் கூறுவது நுகர்வோருக்காக. கடையில் விற்பதற்குப் பாதாம் வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்டினால் அது திறப்பது அரிது. சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துபவர் அதற்கென்றே வாங்கித் தாமே பயன்படுத்தும் தராசு போன்ற பொருளுக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு.

எனவே நமக்குத் துணை நிற்பவை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமும்தான். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி, அனுப்ப வேண்டிய காலம் குறிக்கப்படாவிட்டால் நியாயமான காலத்திற்குள் விற்பனையாளர் அனுப்ப வேண்டும். நியாயமான காலம் எது என்பது வாதத்துக்குரியது. ஆகவே தேதியை எழுத்தில் வாங்குவதே நல்லது. காலமே முக்கிய நிபந்தனை என்று ஒப்பந்தத்தில் இருந்து, அந்தத் தேதி தவறினால், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவு தருகிறது.

39ஆவது பிரிவையும் அறிந்திருக்க வேண்டும். விற்பனையாளர் சரக்கைக் கூரியரிடமோ லாரி சர்வீஸிடமோ ஒப்படைத்தாலே, வேறு நிபந்தனை இல்லாதவரை, வாங்கியவரிடம் ஒப்படைத்ததாகவே சட்டம் முதல் நோக்கில் கருதுகிறது. "கடையில் வந்து சேர்ந்தால்தான் ஒப்படைப்பு" என்ற ஒரு வரி ஆர்டரில் இருந்தால் நம் நிலை வலுப்படும்.

வரியும் காத்திருக்கும்

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி, பில் வந்தால் மட்டும் போதாது. சரக்கும் கைக்கு வந்தால்தான் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். ஒரே பில்லுக்குச் சரக்கு பல தவணையாக வந்தால், கடைசித் தவணை வந்த பிறகே வரவு எடுக்க முடியும். நான்கு பெட்டியில் ஒரு பெட்டி வழியில் நின்றுபோனால், முழுப் பில்லின் வரி வரவும் நின்றுபோகும். பெட்டிகள் தனித்தனியே வரக்கூடும் என்று தெரிந்தால், தனித்தனி பில் கேட்டு வாங்குவது நல்லது.

தராசு வாங்குவோர் இன்னொரு காலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி சரிபார்த்து முத்திரையிட்ட தராசையே வியாபாரத்தில் பயன்படுத்தலாம். பார்சலில் வந்த தராசை அன்றே மேசையில் வைத்து எடை போட முடியாது. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் முத்திரையிட ஆகும் நாட்களையும் எண்ண வேண்டும்.

உணவுப் பொருளில் வழியில் கழியும் ஒவ்வொரு நாளும் அதன் ஆயுளில் குறைகிறது. இணையவழியில் விற்கும் உணவுப் பொருள் நுகர்வோர் கையில் சேரும்போது, ஆயுட்காலத்தில் 30 சதவீதமோ காலாவதிக்கு 45 நாளோ மீதம் இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியது. நாமோ வாங்கிய பின் அலமாரியில் வைத்து விற்க வேண்டியவர்கள். நமக்கு இதைவிட அதிக நாள் மீதம் வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. புதிய விற்பனையாளரிடம் முதல் ஆர்டரைச் சிறிதாகப் போட்டு, அவருடைய நாள் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. பணம் செலுத்துமுன் "சரக்கு உங்கள் கையில் இருக்கிறதா? எந்தத் தேதியில் கூரியரிடம் கொடுப்பீர்கள்?" என்று எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

3. முகவரியில் பின்கோடு எண்ணைச் சரிபாருங்கள். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ள இந்த ஆறு இலக்கத்தில், முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் குறிக்கும். அதில் ஓர் எண் தவறினாலும் பார்சல் வேறு ஊர் போய்த் திரும்ப நேரிடும். கடை திறந்திருக்கும் நேரத்தையும் குறிப்பிடுங்கள்.

4. அன்றாடம் விற்கும் சரக்குக்கு உள்ளூர் மொத்த வணிகரின் தொடர்பை விட்டுவிடாதீர்கள். அவசரத்துக்கு மூட்டை தருபவர் அவர்தான்.

5. பெட்டி நசுங்கியோ பிரிந்தோ வந்தால், கையெழுத்திடுமுன் அதை ரசீதில் குறியுங்கள். லாரி சர்வீஸில் சரக்கு காணாமற் போனாலோ சேதமானாலோ, 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

6. ஒரு நோட்டில் ஆர்டருக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். பணம் செலுத்திய நாள், கூரியர் எடுத்த நாள், கடைக்கு வந்த நாள் என மூன்று தேதிகளை எழுதுங்கள். முதலிரண்டுக்கும் இடையே நாள் நீண்டால் விற்பனையாளரை மாற்ற வேண்டும். பின்னிரண்டுக்கும் இடையே நீண்டால் கூரியரை மாற்றும்படி கேட்க வேண்டும்.

சென்ற ஐந்து ஆர்டர்களின் தேதிகளைத் தேடி எடுத்து, இன்றிரவு கடை அடைத்தபின் அந்த நோட்டைத் தொடங்குங்கள். யாரிடம் வாங்குவது மலிவு, யாரிடம் வாங்குவது மலிவுபோல் தோன்றுவது என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரியவரும்.